பாதி வழியில் திரும்பியவர்கள்

திண்டிவனத்தில் நமக்கு மிகவும் வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும், விழுப்புரத்திலிருந்து வந்திருந்த அவர்களுடைய மச்சான்மார் இருவருமாகச் சென்ற ஐப்பசியில் ஒரு திட்டம் போட்டார்கள். செஞ்சிக்குக் குதிரையில் போவது. அங்கே உறவினர் ஒருவரின் மாந்தோப்பில் கூடாரம் அடித்து இரவு தங்குவது. மறுநாள் ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துவிட்டு நீலாம்பூண்டிக்குப் போய் மகபத்கானின் அடக்கத்தலத்தில் ஸியாரத் செய்வது. மூன்றாம் நாள் வீடு திரும்புவது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். "பஸ்ஸில் போனால் அது பயணமா?" என்பது அவர்கள் கேள்வி. வாலிபத்தின் கேள்வி, நாம் குறை சொல்லவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற ஒருவரிடம் நாள் வாடகை பேசி நான்கு குதிரைகளைப் பிடித்தார்கள். கொள்ளு ஒரு மூட்டை, கயிறு, தார்ப்பாய், அரிசி, பருப்பு என்று எல்லாம் சேர்ந்தன. பஜ்ரு தொழுது, வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டியதை ஓதிக்கொண்டு புறப்பட்டார்கள்.

ஊர்வலக் குதிரைக்குப் பழக்கம் வேறு. மேளச் சத்தத்தில் அசையாமல் நிற்கும். ஆள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்கத் தெருவில் நூறு கெஜம் போகும், நிற்கும், மறுபடி போகும். அதைத் திருவண்ணாமலைச் சாலையில் கொண்டுபோய் விட்டால், பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறபோது அது என்ன செய்யும்? முதல் ஐந்து மைலிலேயே ஒரு பையன் புளியமரத்தடியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். பகல் சாய்வதற்குள் ஒரு குதிரைக்கு லாடம் கழன்று நொண்ட ஆரம்பித்தது. அஸருக்கு மழை பிடித்துக்கொண்டது. செஞ்சி இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்க, சாலையோர ஊர் ஒன்றில் களத்துமேட்டில் தார்ப்பாயைக் கட்டி, குதிரைகளும் பிள்ளைகளுமாக இரவெல்லாம் நனைந்தார்கள்.

விடிந்ததும் மூவர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், போய்விடலாம்" என்றார்கள். எல்லோருக்கும் இளையவன் மட்டும் நொண்டிக் குதிரையின் காலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்புவோம் என்றான். அவனைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அவன் அசையவில்லை. கடைசியில் நால்வரும் இறங்கி, குதிரைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தச் சாலையை மழையோடு நடந்தே திரும்பினார்கள்.

வீட்டில் நடந்த வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை. "செஞ்சி நவாபுங்க வந்தாச்சு, கதவைத் திறங்க!" என்றார் பெரியத்தா. சிரிப்பு அடங்கியதும் அவரே கொஞ்சம் கடுமையாகவும் சொன்னார்: "பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறின பயணத்தைப் பாதியில விடுறதாவது? மழை யார் கையில இருக்கு? அல்லாஹ் மேல பாரத்தைப் போட்டுட்டுப் போயிருக்க வேணாமா?"

அந்தச் சின்னவன் அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு நம்மைத் தேடி வந்தான். "மாமு, நாங்க செஞ்சது தவக்குல் இல்லாத காரியமா?" என்று கேட்டான்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை. அந்தப் பையன் அறியாத பழைய காரியம் ஒன்று நம் கணக்கில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவனுக்கு உபதேசம் செய்வது யோக்கியமாக இராது.

1968 ஆம் ஆண்டு. நமக்குப் பதினெட்டு வயது. நம் குடும்பத்தில் ஒரு நிக்காஹ். பெண் வீடு செஞ்சிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஐப்பசி அடைமழை, அந்தப் பக்கம் போகிற ஒரே பஸ்ஸும் இரண்டு நாளாக வரவில்லை. திண்டிவனம் ரயிலடியில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பாயைப் பேசி, ஆறு பேர் ஏறிக்கொண்டோம். நான்கு பேருக்கான வண்டி அது. ஆறு பேரோடு சீர்வரிசைத் தட்டுகளும், ஒரு டேக்ஸா நெய்ச்சோறும்.

ஏரிக் கலங்கல் வழிந்து தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். குதிரை அங்கே வந்து நின்றுவிட்டது. வண்டிக்கார பாய் இறங்கி அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார், என்னவோ பேசினார். அது காதை மடக்கிக்கொண்டு நின்றது. அவர் எங்களிடம் வந்து, "வேணாம் பாய். இது இப்படி நிக்கிற குதிரை இல்ல. திரும்பிடலாம், காலையில கூட்டிட்டு வரேன், வாடகை வேணாம்" என்றார்.

எங்களில் பெரியவர் ஒருவர், "அல்லாஹ் இருக்கான், ஓட்டுங்க" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னோம். நாமும் சொன்னோம். நாம் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னோம்: சவுக்கு எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று.

அவர் ஓட்டினார். பாலத்தின் ஒரு ஓரம் தண்ணீருக்கடியில் அரித்துப் போயிருந்தது நம் கண்ணுக்குத் தெரியவில்லை. குதிரைக்குத் தெரிந்திருந்தது. வண்டி சாய்ந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, சேற்றில் விழுந்து எழுந்தோம். குதிரையின் முன்னங்கால் முறிந்துவிட்டது. கால் முறிந்த குதிரைக்கு என்ன முடிவு என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த மனிதர் மழையில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிக்காஹ் மறுநாள் லுஹருக்குப் பிறகு நடந்தது. ஒரு நாள் தள்ளிப் போனதால் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ ஊருக்கோ எந்தக் குறையும் ஏற்படவில்லை.

எங்களில் பெரியவர்கள் கொஞ்சம் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள். அது ஒரு குதிரை வாங்குகிற பணமல்ல. "கத்ர் பாய், அல்லாஹ்வோட நாட்டம்" என்று ஆறுதலும் சொன்னார்கள். அதன் பிறகு அவர் ரயிலடியில் மூட்டை தூக்கினார்.

இப்போது அந்த வார்த்தைகளைத் திருப்பிப் பார்க்கிறோம். புறப்படும்போது தவக்குல் என்றோம். விழுந்தபின் கத்ர் என்றோம். இரண்டும் தீனுடைய வார்த்தைகள்தாம். இரண்டையும் நாம் வைத்த இடம்தான் தவறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்ட மனிதரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கட்டவேண்டிய கயிறு எது என்று பார்ப்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். அன்றைக்கு அந்த வண்டிக்காரரின் சொல்தான் கயிறு. நாம் அதை அவிழ்த்துவிட்டுவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசினோம்.

நின்றுவிட்ட வாகனத்தைப் பற்றி ஸீராவில் ஒரு சம்பவம் உண்டு. ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டு, கி.பி. 628. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் சுமார் 1400 ஸஹாபாக்களுடன் உம்ராவை நாடி மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளை ஓட்டிக்கொண்டு, பல நாள் பயணம். ஹுதைபிய்யாவை நெருங்கும்போது அவர்களுடைய ஒட்டகம் கஸ்வா மண்டியிட்டுப் படுத்துவிட்டது. மக்கள் அதட்டினார்கள், எழவில்லை. கஸ்வா முரண்டு பிடிக்கிறது என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் வாகனத்துக்காகப் பரிந்து பேசினார்கள்: அது முரண்டு பிடிக்கவில்லை, அது அதன் குணமே அல்ல, அன்று யானையைத் தடுத்தவனே இதையும் தடுத்திருக்கிறான் என்ற கருத்துப்பட. அவ்விடத்திலேயே, அல்லாஹ் கண்ணியப்படுத்தியவற்றைக் காக்கும் எந்த நிபந்தனையைக் குறைஷிகள் கேட்டாலும் ஒப்புக்கொள்வதாகவும் அறிவித்தார்கள்.

"இது அதன் குணம் அல்ல." நம் ஜட்காக்கார பாயும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அவர் புகாரி ஷரீபைப் புரட்டியவரல்லர். தன் பிராணியை அறிந்தவர்.

ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை முடிந்து, அந்த ஆண்டு உம்ரா செய்யாமலே திரும்புவது என்று முடிவானபோது ஸஹாபாக்களின் மனநிலை என்னவாக இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குர்பானியை அறுத்துத் தலையைச் சிரைத்துக்கொள்ளச் சொல்லியும் அவர்கள் எழவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் வந்து அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னபோது, யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் போய் அறுத்துத் தலையைச் சிரைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர் அந்த அன்னைதான். அவ்வாறே நடந்தது, எல்லோரும் எழுந்தார்கள். பயணத்தில் பெண்களின் யோசனைக்கு இடமில்லை என்று நினைக்கிற வீடுகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பது நல்லது. அப்படித் திரும்பி வந்த வழியில்தான் அதைத் தெளிவான வெற்றி என்று சொல்லும் 'ஃபத்ஹ்' சூரா இறங்கியது.

அன்று திரும்புவதை மிகவும் கசப்பாக உணர்ந்தவர்களில் ஹஜ்ரத் உமர் (ரலி) முக்கியமானவர்கள். நாம் சத்தியத்தில் இல்லையா, பின் ஏன் இந்தத் தாழ்வு என்று நாயகத்திடமே போய்க் கேட்டவர்கள். அந்த உமர் (ரலி) அவர்களையே சுமார் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு சாலையில் நாம் காண்கிறோம்.

இப்போது அவர்கள் கலீபா. ஷாம் தேசத்துக்குப் பயணம். ஸர்கு என்ற இடத்தில் படைத் தலைவர்கள் அபூ உபைதா (ரலி) அவர்களும் தோழர்களும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருப்பதைச் சொல்கிறார்கள். அம்வாஸ் கொள்ளை நோய் என்று சரித்திரம் சொல்வது அதுதான், கி.பி. 639 வாக்கில் நடந்தது. உமர் (ரலி) அவர்கள் தாமாக ஒரு முடிவுக்கு வரவில்லை. முஹாஜிர்களைக் கூப்பிட்டு மஷூரா செய்தார்கள். ஒரு காரியத்துக்காகப் புறப்பட்டுவிட்டுத் திரும்பக்கூடாது என்று சிலரும், மக்களை அழைத்துக்கொண்டு நோயில் நுழையக்கூடாது என்று சிலரும் சொன்னார்கள். அன்ஸார்களைக் கேட்டார்கள், அவர்களிலும் இதே பிளவு. குறைஷிகளின் பெரியவர்களைக் கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். காலையில் வாகனம் ஏறித் திரும்புவதாக உமர் (ரலி) அறிவித்துவிட்டார்கள்.

அப்போது அபூ உபைதா (ரலி) கேட்ட கேள்வி நம் பெரியத்தா கேட்ட கேள்வியேதான்: அல்லாஹ்வின் கத்ரை விட்டா ஓடுகிறீர்கள்? இதை வேறு யாராவது கேட்டிருக்கக்கூடாதா என்று உமர் (ரலி) வருந்தினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு கத்ரை நோக்கி ஓடுகிறோம் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு, ஓர் உதாரணமும் சொன்னார்கள். உம்முடைய ஒட்டகங்களை ஒரு பள்ளத்தாக்கில் இறக்குகிறீர். ஒரு பக்கம் பசும்புல், மறுபக்கம் வறட்சி. பசுமையில் மேய்த்தாலும் வறட்சியில் மேய்த்தாலும் இரண்டும் அல்லாஹ்வின் கத்ரால்தானே என்று. சற்று நேரத்தில், வேலையாக எங்கோ போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து தப்பியோடாதீர்கள் என்று நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டிருப்பதை அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

அபூ உபைதா (ரலி) அவர்கள் ஷாமில் தம் மக்களோடே இருந்து, அந்த நோயிலேயே ஷஹீதானார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவருக்குத் திரும்புவது கடமையாயிற்று; மற்றவருக்கு நிற்பது கடமையாயிற்று. இருவரும் சுவர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் உள்ளவர்கள். ஆகவே, திரும்புகிறவன் ஈமான் குறைந்தவன் என்று தெருத்திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இங்கே சிலர் செஞ்சிக் கோட்டையைக் காட்டுவார்கள். தேசிங்கு ராஜா திரும்பினானா என்பார்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வீரம் என்றால் தேசிங்குதான். அந்த நால்வரும் குதிரை ஏறியதே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான். கதையைப் பார்ப்போம்.

தேசிங்கு என்று மக்கள் பாடுகிற தேஜ்சிங், தந்தை சொரூப்சிங் 1714 இல் இறந்தபின் செஞ்சியில் பட்டத்துக்கு வந்தவன். வயது 22 என்பார்கள். ஆற்காட்டு நவாபு சஅதத்துல்லாகான் கப்பப் பாக்கி கேட்டார், அவன் மறுத்தான். நவாபின் படை பெரும்படை. இவனிடம் இருந்தது சில நூறு குதிரை வீரர்கள். டில்லியில் யாரும் ஏற முடியாத பாராசாரி என்ற குதிரையைச் சிறு வயதிலேயே அடக்கியவன் என்று கதைப்பாடல் சொல்கிறது. ஏறினால் அடங்காதது இல்லை என்ற எண்ணம் அங்கேயே வேர் விட்டிருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

1714 அக்டோபர் 3 ஆம் தேதி. மழைக்காலம், ஆற்றில் வெள்ளம். தண்ணீர் வடியட்டும் என்று பொறுத்திருக்கலாம். கோட்டை இருந்தது, அந்தக் கோட்டை லேசானதல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டியது. அதற்கு முன்பு ஜுல்பிகார்கானின் முகலாயப் படையையே ஏழெட்டு ஆண்டுகள் காக்க வைத்துத்தான் 1698 இல் பணிந்தது. அந்தக் கோட்டையை விட்டு இறங்கி, பெருக்கெடுத்த ஆற்றில் குதிரையை இறக்கினான் தேசிங்கு. அவனுடைய குதிரை வீரர்களில் பெரும்பாலோர் வெள்ளத்தைக் கண்டு இக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். அக்கரை சேர்ந்தது கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் மகபத்கான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து, நீலவேணி என்ற தம் குதிரையில் ஏறி நண்பனிடம் வந்து சேர்ந்தார் என்று பாடுவார்கள். கடலிப் பக்கம் நடந்த சண்டையில் நண்பர்கள் இருவரும் மாண்டார்கள். தேசிங்கின் இளம் மனைவி செஞ்சியில் செட்டிக்குளத்துக் கரையில் உடன்கட்டை ஏறினாள். மகபத்கான் நீலாம்பூண்டியில் அடங்கியிருக்கிறார். குதிரைக்கும் அங்கே அடக்கம் உண்டு என்பது ஊர் வழக்கு. போரில் வென்ற சஅதத்துல்லாகான் கட்டிய பள்ளிவாசல் செஞ்சிக் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் செஞ்சியும் ஒன்று.

முஸ்லிம் நவாபுக்கு எதிராக ஒரு முஸ்லிம், ஹிந்து நண்பனின் பக்கம் நின்று உயிர் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் என்ற முறையில் அவரை நாம் மதிக்கிறோம். வாக்குறுதிகள் விசாரிக்கப்படும் என்று திருக்குர்ஆன் எச்சரிக்கும்போது, அது முஸ்லிமுக்குக் கொடுத்த வாக்கு, பிறருக்குக் கொடுத்த வாக்கு என்று பிரிக்கவில்லை. ஆனால் நட்பின் கடமை ஆற்றில் கூடவே இறங்குவதோடு முடிந்துவிடுகிறதா? உன் சகோதரன் அநியாயம் செய்பவனானாலும் செய்யப்பட்டவனானாலும் அவனுக்கு உதவு என்று நாயகம் (ஸல்) சொன்னபோது, அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்கப்பட்டது. அவன் கையைத் தடுப்பதே உதவி என்றார்கள். தன் உயிருக்கும், தன்னை நம்பியவர்கள் உயிருக்கும் அநியாயம் செய்யப் போகிறவனையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றே நாம் கருதுகிறோம். கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தவும் ஒரு நண்பன் வேண்டும். இக்கரையில் நின்றுவிட்டவர்களைப் பற்றி ஒரு பாட்டும் இல்லை. அவர்கள் அத்தனை பேரும் கோழைகள்தாமா? வீட்டில் பிள்ளைகுட்டிகளை வைத்துவிட்டு வந்து, வெள்ளத்தின் வேகத்தைக் கண்ணால் பார்த்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

பாட்டு ஏன் திரும்பாதவர்களை மட்டும் பாடுகிறது என்பது நமக்குப் புரிகிறது. திரும்பியவன் மறுநாள் காலை கடைக்குப் போகிறான், கூலிக்குப் போகிறான். அதில் பாட என்ன இருக்கிறது? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நம் மாவட்டம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. ரயில்களை நிறுத்தினார்கள், ரத்துச் செய்தார்கள், வேறு வழியில் திருப்பினார்கள். ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டவர்கள் சலித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ரயில் ஓட்டுநரைப் பார்த்து, "அல்லாஹ் இருக்கான், ஓட்டுங்க" என்று யாரும் சொல்லவில்லை. ரயில் விஷயத்தில் நமக்கு இருக்கும் புத்தி, ஜட்கா விஷயத்தில் இல்லாமல் போனது ஏன்? ரயில் கவிழ்ந்தால் நாம் சாவோம். ஜட்கா கவிழ்ந்தால் குதிரைக்காரன் நஷ்டப்படுவான். இதைவிட வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இப்படிச் சொல்வதால், எடுத்த காரியத்தையெல்லாம் தடங்கல் வந்ததும் போட்டுவிட்டு வரலாம் என்று நாம் பத்வா கொடுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். தபூக் யுத்தத்துக்குப் புறப்படும்போது, இந்த வெயிலில் போகாதீர்கள் என்று சொன்னவர்களைத் திருக்குர்ஆன் 'தவ்பா' சூராவில் கண்டிக்கிறது. அவர்களுடைய கவலை வெயில் அல்ல, தங்கள் சுகம். சுபுஹு தொழுகைக்குக் குளிர் தடை, ஜகாத்துக்கு வியாபார மந்தம் தடை என்று சொல்கிறவர்கள் அந்த வகை. எனவே திரும்புவதா, தொடர்வதா என்று வரும்போது, தொடர்ந்தால் யாருக்கு இழப்பு, திரும்பினால் யாருடைய சுகம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நம் வசதிக்காகத் திரும்பினால் அது தபூக்கில் பின்தங்கியவர்களின் வழி. நம் வீம்புக்காக இன்னொருவனுடைய பிழைப்பை வெள்ளத்தில் இறக்கினால், அது 1968 இல் நாம் போன வழி. அந்தச் சின்னவன் திரும்பச் சொன்னது தனக்குக் குளிர்ந்ததால் அல்ல. குதிரையின் காலைத் தூக்கிப் பார்த்ததால்.

நபி மூஸா (அலை) அவர்களும் அவர்களுடைய இளம் பணியாளரும் மீனை மறந்துவிட்டுத் தாண்டிப் போய்விட்ட கதை 'கஹ்பு' சூராவில் வருகிறது. ஜும்ஆ தோறும் ஓதுகிறோம். களைத்துப் போய் உணவைக் கேட்டபோதுதான், மீன் முன்பே தவறிவிட்டது தெரிந்தது. அந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று மூஸா (அலை) சொல்ல, இருவரும் வந்த சுவடுகளைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார்கள். ஹிள்ரு (அலை) அவர்களைச் சந்தித்தது அப்படித் திரும்பிய இடத்தில்தான். வாகனம் ஏறும்போது நாம் ஓதுகிற 'ஸுக்ருப்' சூராவின் வசனமும் இதை எண்ணியே அமைந்ததோ என்னவோ. இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், நமக்கு அந்தச் சக்தி இருக்கவில்லை என்று சொல்லிவிட்டு, நம் ரப்பிடமே திரும்பிச் செல்பவர்களாக இருக்கிறோம் என்று முடிகிறது அது. அங்கவடியில் காலை வைக்கும்போதே திரும்புவதைப் பற்றிய பேச்சு! பெரியத்தாவிடம் இதைச் சொன்னோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தக் குதிரைக்கு லாடம் அடிச்சாச்சா?" என்று மட்டும் பேரனிடம் கேட்டார்.

நாயகத்தின் முன் ஓர் ஒட்டகம் கண்ணீர் விட்டது. பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று சொல்லி, அதன் சொந்தக்காரரான அன்ஸாரி வாலிபரை அல்லாஹ்வுக்கு அஞ்சும்படி எச்சரித்தார்கள். அபூதாவூதில் வருகிறது. தங்கும் இடத்தில் இறங்கியதும் ஒட்டகங்களின் சுமையை இறக்கிய பிறகே நஃபில் தொழுவோம் என்று அனஸ் (ரலி) அறிவிப்பதும் அதே கிரந்தத்தில் உண்டு. தொழுகைக்கு முன்னால் பிராணியின் முதுகு! நாம் அன்று அந்தக் குதிரை மேல் ஆறு பேர் பாரத்தை ஏற்றியிருந்தோம்.

மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதனே மன்னிக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் சட்டம். இதை மிம்பரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனாலும் நாம் அந்த வண்டிக்கார பாயிடம் போகாமலே காலத்தைக் கடத்தினோம். முதலில் வெட்கம், பிறகு மறதி. சின்னவன் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனபின் தூக்கம் பிடிக்கவில்லை. விசாரித்துக்கொண்டு போனோம். அவர் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் டூவீலர் மெக்கானிக், திண்டிவனத்தில்தான் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு ஸலாம் சொன்னார். ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். நாம் எல்லாவற்றையும் சொன்னோம். சவுக்கைப் பற்றி நாம் சொன்ன வார்த்தையையும் மறைக்கவில்லை. உங்கள் அத்தாவுக்காக நீங்கள் ஹலாலாக்கித் தர வேண்டும் என்று கேட்டோம்.

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மன்னிச்சுட்டேன் பாய்" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "அத்தா உங்க யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்தக் குதிரையைப் பத்தித்தான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."